காற்பந்து ஆசான் சூ செங் குவீ

கல்விக்கு ஆசான் இருப்பது போலவே விளையாட்டுக்கும் ஆசான் உண்டு. ஏட்டைக் கொண்டு கற்பிக்கும் ஆசிரியரை நாம் நாள்தோறும் காண்கிறோம். பந்தைக் கொண்டு ஒழுக்கத்தைக் கற்பித்த ஓர் ஆசிரியரின் வரலாற்றை இங்குக் காண்போம். ஈசூன் திடல்களில் மாலைதோறும் பந்து உதைக்கும் நம் சிறுவர்கள் அவரைப் பார்த்ததில்லை. எனினும், அவர் பெயரை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

சூ செங் குவீ 1914ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். இளமையில் காற்பந்து ஆட்டக்காரராக விளங்கிய அவர், பின்னர்ப் பயிற்றுநரானார். ஆடுபவரின் புகழ் கால்களில் வலிமை உள்ளவரை நிற்கும். பயிற்றுநரின் புகழோ அவர் உருவாக்கிய மாணவர்களிடத்தில் நிற்கும். சூ இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டார்.

அவருடைய திறமையை அண்டை நாடுகளும் நாடின. 1951ஆம் ஆண்டு புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது, அவர் இந்தோனேசியக் குழுவின் பயிற்றுநராக இருந்தார். பின்னர் மலாயாக் குழுவின் பொறுப்பை ஏற்றார். கோலாலம்பூரில் நடைபெற்ற மெர்டேக்காக் காற்பந்துப் போட்டியில் மலாயா 1958, 1959, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாகை சூடியது. மூன்றாம் ஆண்டில் மட்டும் தென்கொரியாவுடன் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டது.

சிங்கப்பூர்க் குழுவையும் அவர் பலமுறை பயிற்றுவித்தார். ஆட்டக்காரர்கள் அவரை அங்கிள் சூ என்று அன்புடன் அழைத்தனர். ஆனால் அந்த அங்கிள் மிகவும் கண்டிப்பானவர். பயிற்சி தொடங்குமுன் அனைவரும் வரிசையாக நின்று மஜுலா சிங்கப்பூரா எனும் நாட்டுப்பண்ணைப் பாடுதல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அமெரிக்கர்கள் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் தங்கள் ஆட்டத்தையும் காற்பந்து என்றே அழைக்கின்றனர். அங்கு ஆட்டம் தொடங்குமுன் நாட்டுப்பண் பாடுவது மரபு. சூவோ பார்வையாளர் எவருமில்லாத பயிற்சித் திடலிலும் அதைப் பாடச் செய்தார். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனப் பல இனத்தவர் சேர்ந்த குழுவை ஒரே நாட்டின் மக்களாக அது ஒன்றுபடுத்தியது.

1965ஆம் ஆண்டுக்குப் பின் மலேசியக் கிண்ணம் சிங்கப்பூருக்குக் கிட்டவில்லை. 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை சென்று சிலாங்கூரிடம் தோற்றது. அக்காலத்தில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் வழக்குரைஞர் நடேசன் கணேசன். சங்கம் சூவை மீண்டும் அழைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.

1977 மார்ச் 12ஆம் நாள் உலகக் கிண்ணத் தகுதியாட்டம் ஒன்றில், காலாங் தேசிய விளையாட்டரங்கில், சிங்கப்பூர் ஹாங்காங்கிடம் ஒரு கோலில் தோற்றது. சொந்த மண்ணில் நேர்ந்த அத்தோல்வி பெரிதும் வருத்தியது. ஆயினும் பயிற்சி நிற்கவில்லை.

அவ்வாண்டு மே 28ஆம் நாள் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. எதிர்த்து ஆடியது பினாங்குக் குழு. இடமோ கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கு. முன்பு மலாயாவுக்கு வெற்றி தேடித் தந்த அதே அரங்கில், இப்போது தம் தாய்நாட்டுக்காக நின்றார் சூ. சமது அல்லாபிச்சை சிங்கப்பூர்க் குழுவின் தலைவர். தொண்ணூறு நிமிட ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இத்தகைய வேளையில் மேலும் முப்பது நிமிடம் ஆடுதல் வேண்டும் என்பது விதி. கால்கள் சோர்ந்த பின்னரும் ஓட வல்லவர்க்கே அந்நேரத்தில் வெற்றி கிட்டும். குவா கிம் சோங் வெற்றிக் கோலை அடித்தார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிண்ணம் சிங்கப்பூர் வந்தது.

ஆயிரம் ஆயிரம் கால்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்த அப்பெரியவர், பிற்காலத்தில் நீரிழிவு நோயினால் தம் கால்களுள் ஒன்றை இழந்தார். விதியின் இக்கொடுமையை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது. 1983ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் ஒன்று அவருடைய கதையை இளைய தலைமுறைக்கு நினைவூட்டியது.

மாணவச் செல்வங்களே! கிண்ணத்தை ஏந்துவது ஒரு நாள் நிகழ்ச்சி. அதற்காக உழைப்பது பல நாள் கடமை. யாரும் பார்க்காத வேளையிலும் ஒழுங்காக இருப்பவரே யாவரும் பார்க்கும் வேளையில் வெல்வர். அதிகாலையில் எழுந்து, எவருடைய பாராட்டையும் எதிர்பாராமல் உழைக்கும் நம் பெற்றோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். களத்தில் ஓடும் பதினொருவரை மட்டுமன்றி, களத்தின் ஓரத்தில் நின்று அவர்களை ஆக்கியவரையும் நாம் போற்றுவோம்.