கால் தரையில் படாமல் போன கொல்லர்

கொல்லிமலைக்குப் போகும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்களுக்கே தலை சுற்றும். அந்த ரோட்டில் சைக்கிளில் ஏறுகிறவர்களும் உண்டு. விடியற்காலையில் நாமக்கல்லை விட்டுப் புறப்பட்டு, சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மிதிக்கத் தொடங்குவார்கள். மலைமேல் போய்ச் சேர்ந்ததும் முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கி, ராசிபுரம் வழியாக ஊர் திரும்பலாம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது. அங்கே 20 வளைவுகள்.

இப்படி மலையைச் சுற்றி வருகிறவர்கள் மிதிக்கிறார்கள், சக்கரம் சுற்றுகிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆனால் சைக்கிளுக்கு மிதியே இல்லாத காலம் ஒன்று இருந்தது.

மிதித்து ஓட்டும் இரு சக்கர வண்டியை முதன் முதலில் செய்தவர் ஒரு கிராமத்துக் கொல்லர் என்று சொல்லப்படுகிறது. அவர் பெயர் கிர்க்பாட்ரிக் மாக்மில்லன். அந்த வண்டியால் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. கோர்ட்டில் ஐந்து ஷில்லிங் அபராதம் கட்டியதுதான் மிச்சம்!

பட்டறையில் பிறந்தவர்

இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கிறது ஸ்காட்லாந்து. குளிரும் மழையும் மிகுந்த நாடு. அதன் தென்பகுதியில் டம்பிரீஸ் என்று ஒரு நகரம். அதற்கு வடக்கே 14 மைல் போனால் கீர் என்ற சிற்றூர் வரும். பக்கத்தில் நித் என்ற ஆறு ஓடுகிறது. சுற்றிலும் புல் மூடிய மலைகள். உயரத்தில் அவை நம் சேர்வராயன் மலையில் பாதிகூட வராது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஆடுகள் மேயும். கல் அடுக்கிய வேலிகள் மலைமேல் ஏறிப்போகும்.

அந்த ஊரில் 1812-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி மாக்மில்லன் பிறந்தார். தகப்பனார் கொல்லர். பையன் முதலில் பண்ணை வேலை பார்த்தான். பிறகு குதிரை வண்டி ஓட்டினான். கடைசியில் தகப்பனார் தொழிலுக்கே வந்தான். டிரம்லான்ரிக் என்ற இடத்தில் பிரபு ஒருவருக்குப் பெரிய மாளிகை இருந்தது. அந்தப் பிரபுவின் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு கோர்ட்ஹில்லில் இருந்த தகப்பனாரின் பட்டறைக்குத் துணையாக வந்து சேர்ந்தான்.

உலை, துருத்தி, சம்மட்டி, குதிரைக்கு லாடம், ஏருக்குக் கொழு. நம் ஊர்க் கொல்லுப்பட்டறை எப்படியோ அப்படித்தான் அதுவும். இங்கே சேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதே காலத்தில் சேலம் ஜில்லாவின் இரும்புக் கல்லுக்குச் சீமையில் பேர் இருந்தது. சேலத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கல்லை அங்கே உருக்கி, இரும்பைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

மரக் குதிரை

ஒரு நாள் ஊர் ரோட்டில் ஒருவர் விசித்திரமான வண்டியில் போவதை மாக்மில்லன் பார்த்தார். இரண்டு மரச் சக்கரங்கள், நடுவே ஒரு கட்டை. அந்தக் கட்டைமேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, தரையைக் காலால் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். 1817-ல் ஜெர்மனியில் டிரைஸ் என்பவர் செய்த வண்டி அது. இங்கிலாந்தில் அதை மரக் குதிரை என்றே விளையாட்டாகச் சொன்னார்கள். சமதரையில் போவது சுகம். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். செருப்பு தேய்ந்துவிடும்.

மாக்மில்லனும் ஒன்று செய்துகொண்டார். ஓட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. காலைத் தரையில் ஊன்றாமலே இதை ஓட்ட முடியாதா?

நம் வீட்டுத் தையல் மெஷினை நினைத்துக்கொண்டால் அவர் செய்தது எளிதில் விளங்கும். தையல் மெஷினில் கீழே ஒரு பலகை இருக்கிறது. காலால் அழுத்தினால் ஒரு கம்பி மேலும் கீழும் போய்ச் சக்கரத்தைச் சுற்றுகிறது. மாக்மில்லனின் வண்டியும் அந்த மாதிரிதான். முன்பக்கம் இரண்டு மிதிகள் தொங்கின. அவற்றைக் காலால் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். மிதியிலிருந்து இரும்புக் கம்பிகள் பின்சக்கரத்துக்குப் போயின. கம்பி இழுக்க, சக்கரம் சுற்றியது. இன்றைய சைக்கிளில் இருக்கும் சங்கிலி அதில் இல்லை.

1839 வாக்கில் வண்டி தயாராகிவிட்டது. மரச் சட்டம், மரச் சக்கரம். சக்கரத்தைச் சுற்றி மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் போடுவது போல இரும்புப் பட்டை. ரப்பர் டயர் கிடையாது. வண்டியின் எடை 57 ராத்தல். அதாவது கடையில் விற்கும் 26 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றின் எடை. அதைத்தான் அவர் மலை ரோட்டில் மிதித்துக்கொண்டு போனார்.

டம்பிரீசுக்கு 14 மைல். சுமார் 22 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போவதைவிடச் சற்றுக் குறைவு. அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவார் என்று ஊரார் சொல்லி வந்தார்கள். அவருக்குப் பைத்தியக்காரன் என்று ஒரு பட்டப் பெயரும் வைத்தார்கள்.

இரண்டு நாள் பயணம்

1842-ம் ஆண்டு ஜூன் மாதம். மாக்மில்லனுக்கு அப்போது வயது 29. கிளாஸ்கோ நகரில் அவருடைய உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து வரத் தன் வண்டியிலேயே புறப்பட்டார். தூரம் 68 மைல். சேலத்திலிருந்து கரூர் போய், அதற்கு மேலும் கொஞ்சம் போகிற தூரம்.

ஜூன் மாதத்தில் அந்த நாட்டில் பகல் மிக நீளம். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நித் ஆற்றை ஒட்டியே ரோடு வடக்கே ஏறுகிறது. முதலில் தார்ன்ஹில் என்ற ஊர். பிறகு பள்ளத்தாக்கு குறுகி, இருபுறமும் மலைகள் நெருங்கி வருகின்றன. சான்கர் என்ற பழைய ஊரைத் தாண்டினால் மரங்கள் குறைந்து, வெட்டவெளியும் காற்றும்தான். அந்த மேட்டைக் கடந்தால் கம்னாக். அங்கே அன்றிரவு தங்கினார்.

ரோடு எப்படி இருந்தது? நாம் கப்பி ரோடு என்கிறோமே, உடைத்த கல்லைப் பரப்பி இறுக்குகிற ரோடு, அதை வகுத்த மெக்கடம் என்பவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அவர் இறந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கப்பி ரோட்டில் இரும்புப் பட்டைச் சக்கரம் உருண்டால் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் ஆடும். ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கும். இறக்கத்திலோ அரிசிச் சிப்பம் கனமுள்ள வண்டி ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்தப் பயணத்தில் அவர் எத்தனை இடத்தில் இறங்கித் தள்ளினாரோ, யாரும் எழுதி வைக்கவில்லை. கொல்லிமலையில் சைக்கிள் மிதித்தவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் கம்னாக்கிலிருந்து கிளாஸ்கோவுக்கு ஐந்து மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். நகரத்தின் தென்பகுதிக்குக் கோர்பல்ஸ் என்று பெயர். ஜன நெருக்கடி மிகுந்த இடம். குதிரையும் இல்லாமல், காலும் தரையில் படாமல் ஒரு மனிதன் வருகிறான் என்றால் கூட்டம் கூடாதா? தெருவெல்லாம் ஜனம். அந்தக் கூட்டத்தில் குறுக்கே வந்த ஒரு குழந்தைமேல் வண்டி மோதிவிட்டது. குழந்தை கீழே விழுந்தது. நல்ல வேளை, பலத்த காயம் இல்லை.

போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கோர்ட்டில் ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். வண்டியைக் கண்டு மாஜிஸ்திரேட்டே வியந்துபோய், முற்றத்தில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, அபராதப் பணத்தைத் தாமே ரகசியமாகக் கையில் கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. கதை நன்றாக இருக்கிறது. நடந்ததோ, பின்னால் சேர்ந்துகொண்டதோ!

உரிமை கேட்கவில்லை

கிளாஸ்கோவிலிருந்து திரும்பிய கொல்லர் மறுபடியும் சம்மட்டியைப் பிடித்தார். வண்டிக்கு உரிமைப் பதிவு செய்யவில்லை. ஆலை வைக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடம் எதையும் மறைக்கவும் இல்லை.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? அதேபோல் செய்துகொண்டார்கள். லெஸ்மகாகோ என்ற ஊரில் டால்செல் என்பவர் 1846 வாக்கில் அப்படி ஒன்று செய்தார். அது பல பேர் கண்ணில் பட்டது. அதனால் ஏறக்குறைய ஐம்பது வருஷம் டால்செல்தான் இதைக் கண்டுபிடித்தவர் என்று உலகம் நம்பியது.

மாக்மில்லன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிடில் வாசிப்பார். ஊரில் யாருக்குப் பல் வலித்தாலும் பிடுங்கிவிடுவார். குதிரைக்கும் பிடுங்குவார். 1854-ல் எலிசபெத் கோல்டி என்ற பெண்ணை மணந்தார். மனைவி இளம் வயதிலேயே இறந்தார். பிள்ளைகளில் சிலரும் சிறு வயதில் போய்விட்டார்கள். 1878-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, 65-வது வயதில் அவரும் கண்ணை மூடினார். கொல்லர் ஒருவர் செத்தார் என்பதைத் தவிர ஊருக்கு வேறு செய்தி இல்லை.

அதற்குள் சைக்கிள் எங்கேயோ போய்விட்டது. 1860-களில் பாரிஸ் நகரத்தார் முன்சக்கரத்தில் மிதியை மாட்டி வண்டி விற்றார்கள். 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் சங்கிலி போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்ற வைத்தார். மாக்மில்லன் நினைத்தது போலவே மறுபடியும் பின்சக்கரம்! 1888-ல் காற்றடைத்த டயர் வந்தது. அதைச் செய்த டன்லப் என்பவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே. 1949-ல் நம் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள்.

வழக்கும் சாட்சியும்

கொல்லரின் பெயர் வெளியே வந்தது 1890-களில்தான். ஜான்ஸ்டன் என்பவர் கிளாஸ்கோவில் இருந்தார். மாக்மில்லனின் உறவினர். சைக்கிள் மோகம் கொண்டவர். கீர் ஊர்க் கிழவர்களிடம் போய் விசாரித்தார். கடிதம் எழுதி வாங்கினார். முதல் வண்டி டால்செலுடையது அல்ல, எங்கள் கொல்லருடையதுதான் என்று நிரூபிக்கப் பாடுபட்டார்.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா என்றால், இல்லை. இன்றும் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மாக்மில்லன் கையால் செய்த வண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்து எழுத்தில் இருப்பது, கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் 1842-ல் வந்த அபராதச் செய்திதான். அதிலும் அவர் பெயர் இல்லை. டம்பிரீஸ் பக்கத்துக் கனவான் ஒருவர் என்று போட்டிருக்கிறது. வண்டியைக் கையால் சுற்றி ஓட்டினார் என்றும் எழுதியிருக்கிறது. கொல்லரைக் கனவான் என்று எழுதுவார்களா, காலால் மிதித்ததைக் கையால் என்று எழுதுவார்களா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஊரார் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த வண்டியில் அவர் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் வயதான பிறகும் அதைச் சொன்னார்கள். கோர்ட்டுக் கூட்டத்தில் நிற்கும் நிருபருக்கு வண்டியின் அடியில் ஓடும் கம்பியைக் குனிந்து பார்க்க நேரம் இருந்திருக்குமா? படிப்பும் பணமும் உள்ளவர்கள் வண்டி செய்திருந்தால் உடனே காகிதத்தில் எழுதி வைத்திருப்பார்கள். கொல்லருக்கு இரும்புதான் காகிதம். அதுவும் துருப்பிடித்துப் போய்விட்டது.

1939-ல், நூறு வருஷம் ஆனதென்று, கோர்ட்ஹில் பட்டறைச் சுவரில் அவர் பெயரைப் பொறித்த பலகை ஒன்றைப் பதித்தார்கள். டம்பிரீசிலிருந்து கீர் வரை சைக்கிளில் போகிறவர்களுக்கென்று ஒரு வழி குறித்து, அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆற்றோரமாகப் போய், மலை அடிவாரத்து ஊர்களைச் சுற்றி வரலாம். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் பட்டறை வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பலகையைப் படிக்கிறார்கள். கீர் கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு அடுத்த மேட்டுக்கு மிதிக்கத் தொடங்குகிறார்கள்.