கப்பலோட்டியவர் கற்பித்த தொழிற்பாடம்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை மன்னார் வளைகுடாவை நோக்கி நீண்டு கிடப்பது. கற்பிட்டி முனையிலிருந்து உடப்பு, சிலாபம் வரை வாழ்வோருக்கு அக்கடல் சோறிடும் வயல். அவ்வயலின் மறுகரையிலே தூத்துக்குடி இருக்கின்றது. அக்கரைக்கும் கொழும்புக்கும் இடையே, நூறு ஆண்டுகளுக்கு முன்னே, ஒரு தமிழர் பெரியதொரு கம்பெனியை நிறுவிப் பேரரசின் பொருள் வலிமையோடு மோதினார். அவரே வ. உ. சிதம்பரம்பிள்ளை.

அவரைத் தியாகி என்று நாம் அறிவோம். சிறையிலே செக்கிழுத்த கதையைப் பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆனால், தொழில் நிறுவியவர் என்ற முறையில் அவரை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. புதிய தொழில் தொடங்க விழையும் இளைஞர் பலரை இக்கரையில் நான் காண்கின்றேன். கடல் கடந்த நாட்டுக் கோடீசுவரர்களின் வரலாறுகளை அவர்கள் தேடிப் படிக்கின்றனர். நம் கடலிலேயே நடந்த இவ்வரலாற்றையும் அவர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டு தூத்துக்குடியிற் குடியேறினார். வங்கப் பிரிவினையை ஒட்டி 1905இல் எழுந்த சுதேசி இயக்கம் அவரையும் ஆட்கொண்டது. நெசவுச்சாலை, பண்டகசாலை முதலிய சிறு முயற்சிகளில் அவர் முதலிற் கைவைத்தார். ஆனால், அவருடைய கண் துறைமுகத்தின் மீதே இருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் பண்டமும் ஏறிச் செல்வது பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பெனியின் கலங்களில். கட்டணத்தை விதிப்பது அக்கம்பெனி; அதைக் கொடுப்பவர் நம்மவர். துணி நெய்தாலும் அதனை ஏற்றிச் செல்லும் கலம் பிறருடையதாயின், வாணிபத்தின் குடுமி பிறர் கையிலேதான் என்பதை அவர் கண்டார். எளிய தொழிலை விட்டு மிக அரிய தொழிலை அவர் தேர்ந்தது இதனாலேயே. வேட்கையின் பெருமையை முதலின் அளவால் அளத்தல் பிழை. எந்த முடிச்சை அவிழ்க்கத் துணிந்தான் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 ஆக வகுக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரே தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பார் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் அளித்தார். சமீந்தாரும் வணிகரும், இந்துவும் முஸ்லிமும் ஒரே ஏட்டிற் கையெழுத்திட்டனர். இலங்கையர் உள்ளிட்ட ஆசிய மக்கள் யாவருக்கும் பங்கு வாங்கும் உரிமை இருந்தது என்பது நாம் மனங்கொள்ளத் தக்கது. பங்கின் விலையைச் சிறிதாக வைத்தமையும் ஆழ்ந்த அறிவே. பங்கு வாங்கியவன் பயணியை அழைத்து வருவான், சரக்கையும் அனுப்புவான். வாடிக்கையும் முதலும் ஒருங்கே சேரும் வழி அது.

கம்பெனிக்கு முதலிற் சொந்தக் கப்பல் இல்லை. வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். போட்டிக் கம்பெனி அந்நிறுவனத்தை நெருக்கவே, வாடகைக் கப்பல்கள் நின்றுபோயின. உப்பளத்தில் உழைத்தும் உப்பைச் சேர்த்துவைக்கக் கொட்டில் இல்லாதவன், வாங்க வந்தவன் சொன்ன விலைக்கு விற்க வேண்டியவனாகின்றான். புத்தளத்தார்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிதம்பரனார் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பெற்று அப்போதைக்கு நிலைமையைச் சமாளித்தார். பின்னர் வடநாடு சென்று பொருள் திரட்டினார். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் கம்பெனியின் உடைமையாயின.

அதன்பின் தொடங்கியது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை மிகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியது. இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், குடை ஒன்றும் தருவதாகவும் வெள்ளையர் விளம்பரம் செய்தனர் என்பர். மக்களோ சுதேசிக் கப்பலையே நாடினர். மக்களின் அன்பு பெருஞ்செல்வம். ஆயினும் அதைக் கொண்டு நிலக்கரி வாங்க இயலாது. நட்டத்தைத் தாங்க ஒருவனுக்கு ஆழ்ந்த பணப்பை இருந்தது, மற்றவனுக்கு இல்லை.

1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வும் வேண்டி வேலை நிறுத்தம் செய்தபோது, சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் வென்றனர். மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஜூலை 7ஆம் நாள் சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறைவாசம் கழித்து, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார். அதற்கு முன்னரே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

தொழிலாளர் பக்கம் சாராது வாளாவிருந்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்குமே என்று வினவுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. நாட்டு மக்களின் நம்பிக்கையை முதலாகக் கொண்டு எழுந்த நிறுவனம், அம்மக்கள் கூலிக்காகப் போராடும்போது முகத்தைத் திருப்பிக் கொள்ளுமாயின், அம்முதலை அது தன் கையாலேயே அழித்ததாகும். குறை வேறிடத்தில் உள்ளது. கம்பெனிக்குத் தலைவர் இருந்தார், இயக்குநர் இருந்தனர், உயிர்நாடியோ ஒருவரிடமே இருந்தது. உடப்பில் அம்பா பாடிக் கரைவலை இழுப்போரைப் பாருங்கள். சம்மாட்டி ஒரு நாள் நோயுற்றால் வலை கடலில் நின்றுவிடுவதில்லை. தன் கயிறு எது என்பதை ஒவ்வொருவனும் அறிவான். சுதேசிக் கம்பெனிக்கு அந்த நிலை வாய்க்கவில்லை. வாய்ப்பதற்கு ஆட்சியாளர் காலம் தரவுமில்லை.

இதனோடு பம்பாயின் சிந்தியாக் கம்பெனியை ஒப்பிடலாம். அதன் முதற்கப்பல் 1919 ஏப்ரல் 5ஆம் நாள் இலண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலிய பெருவணிகர் பலர் அதனைத் தோள்மாற்றிச் சுமந்தனர். கட்டணப் போர் அதனையும் வாட்டியது. 1923இல் பிரிட்டிஷ் கம்பெனிகளோடு உடன்பாடு செய்துகொண்டு அது உயிர் தப்பியது. அது வணிகரின் வழி. சிதம்பரனாருக்குக் கப்பல், விடுதலைக்கு ஒரு கருவி. எது வழி, எது குறிக்கோள் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்பவனே, விட்டுக்கொடுக்கத் தக்கதையும் தகாததையும் பின்னர் அறிவான்.

சிறை மீண்ட சிதம்பரனாரை வறுமை சூழ்ந்தது. அவர் சோர்ந்து அமரவில்லை. ஜேம்ஸ் அல்லனின் நூல்களைத் தமிழாக்கினார். மெய்யறம், மெய்யறிவு என்னும் நூல்களை இயற்றினார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். இழந்த வழக்கறிஞர் உரிமம் மீளக் கிடைத்தது. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியிலே அவர் மறைந்தார்.

2011ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில மாதங்களில் அதுவும் நின்றுபோயிற்று. துறைமுகத்துக்குப் பெயர் சூட்டுதல் எளிது. கப்பலை ஓட்டுதல் என்றும் அரிது. அவ்வருமையை அறிந்தும் துணிவோர் இக்கரையில் எழுவராயின், அவர்கள் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எழுத வேண்டிய வினா ஒன்றுண்டு: நான் இல்லாத நாளில் இந்தக் கயிற்றை இழுப்பவர் யார்?