கிரூன்ட்சிக் என்னும் ஆசிரியர்

இதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. அந்த இதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களோ மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையவை. அவற்றுள் ஒன்று சுருங்கினால் நெஞ்சு வலிக்கும். முற்றும் அடைபட்டால் உயிருக்கே இறுதி நேரலாம். நெஞ்சைப் பிளக்காமல், தொடையிலுள்ள குழாய் வழியே ஒரு சிறு பலூனைச் செலுத்தி அந்த அடைப்பை விலக்க முடியும் என்று செய்து காட்டியவர் ஆண்ட்ரியாஸ் கிரூன்ட்சிக். அவர் அதைக் கண்டுபிடித்த வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். அதைப் பிறருக்குக் கற்பித்த விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

1939-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அவர் பிறந்தார். சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. தந்தையைப் போர் கொண்டு போயிற்று. தாய் பிள்ளைகளுடன் ஆர்ஜென்டினா வரை சென்று பிழைக்க முயன்று, மீண்டும் கிழக்கு ஜெர்மனிக்கே திரும்பினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிரூன்ட்சிக் மேற்கு ஜெர்மனிக்குச் சென்று ஹைடல்பர்க்கில் மருத்துவம் பயின்றார். 1964-இல் பட்டம் பெற்றார்.

அதே 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர், ஒரு மூதாட்டியின் காலில் அடைபட்டிருந்த குழாயைக் கத்தீட்டர் என்னும் மெல்லிய குழலால் திறந்தார். முதலில் சிறிய குழல், அதன் மேல் பெரிய குழல் என்று நுழைத்து வழியை அகலமாக்குவது அவர் முறை. அவருடைய நாட்டு மருத்துவர்களில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பாவில் சிலர் ஏற்றுக்கொண்டனர். 1969-இல் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த கிரூன்ட்சிக், ஜெர்மன் மருத்துவரான எபர்ஹார்ட் சைட்லரிடம் இம்முறையைக் கற்றுக்கொண்டார். கற்றபோதே அதன் குறையும் தெரிந்தது. முரட்டுக் குழலைத் தள்ளுவதைவிட, மெல்லிய குழலின் நுனியில் ஒரு பலூனை வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் விரித்தால் என்ன?

சொல்வது எளிது. சாதாரண ரப்பர் பலூன், எதிர்ப்பு குறைந்த பக்கமே உப்பும். அடைப்பின் கடினமான இடத்தை விட்டுவிடும். ஓர் அளவுக்கு மேல் விரியாத, நீண்டுருண்ட பலூன் வேண்டும். அவர் வீட்டுச் சமையலறை மேசையே தொழிற்சாலையாயிற்று. மனைவியும் உதவியாளரும் உடனிருக்க, மாலை வேளைகளில் வெட்டியும் ஒட்டியும் சூடேற்றியும் பார்த்தார். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹைன்ரிக் ஹாஃப் என்பவர்தாம் பி.வி.சி.யைப் பரிந்துரைத்தவர். நீர்க்குழாய் செய்கிற அதே பி.வி.சி.தான்! வேதியியல் பயிலும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இதய மருத்துவத்தின் முட்டுக்கட்டை ஒன்று, ஒரு பாலிமரைத் தேர்ந்தெடுத்ததில் நீங்கியது.

1974-இல் பலூன் முதலில் காலில் பயன்பட்டது. அடுத்து நாய்களின் இதயத்தில் சோதித்தார். 1976-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் அந்த முடிவுகளை ஒரு சுவரொட்டியில் வைத்தபோது, நம்பாதவர்களே மிகுதி. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில், 38 வயதான ஒருவரின் இதயக் குழாயில் பலூனை விரித்தார். நோயாளி விழித்தே இருந்தார். தவறு நேர்ந்தால் உடனே அறுவை செய்வதற்கு ஓக்கெ சென்னிங் என்ற அறுவை மருத்துவரின் குழு காத்திருந்தது. அதற்கு வேலை ஏற்படவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்தது. இப்படி ஒரு வித்தையைக் கைவரப் பெற்றவர் அதைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு புகழும் பொருளும் ஈட்டியிருக்கலாம். அல்லது கட்டுரை எழுதிவிட்டு, படித்தவர் செய்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம். இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது. கை எவ்வளவு அழுத்தத்தை உணர வேண்டும், எப்போது நிறுத்தி வெளியே வர வேண்டும் என்பவை கட்டுரையில் வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்முறை நூலை மட்டும் நம்பி ஒரு கருவியைத் தொட்ட எவருக்கும் இது தெரியும். நாம் உடைப்பது கண்ணாடிக் குடுவை. அவர்கள் கையில் இருப்பது உயிர்.

ஆகவே 1978-இல் அவர் சூரிச்சுக்கு மருத்துவர்களை வரவழைத்தார். சிகிச்சை அறையில் அவர் வேலை செய்வார். விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தவர்கள் தொலைக்காட்சித் திரையில் அதை அப்போதே பார்ப்பார்கள். ஒவ்வோர் அசைவையும் விளக்கிக்கொண்டே செய்வார். முன்பே எடுத்துச் செப்பனிட்ட படம் அன்று. குழல் நுழைய மறுத்தால் மறுப்பதை எல்லோரும் காண்பர். சிகிச்சை பலிக்காமல் நோயாளி அறுவைக்கு அனுப்பப்பட்டால் அதையும் காண்பர். தோல்வியைப் பார்க்க அழைத்து உட்கார வைக்கிற ஆசிரியர் எத்தனை பேர்?

எழுத்திலும் அவர் அப்படியே. 1979-இல் முதல் 50 நோயாளிகளைப் பற்றி வெளியிட்டார். வெற்றி 32 பேரிடத்தில். ஐவருக்கு அவசர அறுவை தேவைப்பட்டது. பைபாஸ் அறுவைக்கு உரியவர்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கே இது பொருந்தும் என்றும் மதிப்பிட்டார். தம் கண்டுபிடிப்பைத் தாமே குறுக்கிக் காட்டியவர் அவர். பார்த்துக் கற்றவர்கள் கைக்கே கத்தீட்டர் போக வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிலையம் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. பல ஊர் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் விளைவுகளை அதில் பதிந்தனர்.

1980-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கும் நேரடி வகுப்புகள் தொடர்ந்தன, மண்டபங்கள் நிரம்பின. ஐந்தாண்டுகளே அந்த வாழ்வு. 1985 அக்டோபர் 27 அன்று, மோசமான வானிலையில் தம் சொந்த விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு அட்லாண்டாவுக்குத் திரும்புகையில், ஜார்ஜியாவில் அது விழுந்து நொறுங்கியது. உடன் வந்த இரண்டாம் மனைவியும் இறந்தார். அவருக்கு வயது 46. சிகிச்சை அறையில் அத்தனை எச்சரிக்கை காட்டியவர் அன்று தரையிலேயே தங்கியிருக்கக் கூடாதா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இரண்டாண்டுகள் கழித்து, 1977-இன் அந்த முதல் நோயாளியை எமரியில் மீண்டும் சோதித்தனர். குழாய் திறந்தே இருந்தது.

1986-இல் குழாயைத் தாங்கி நிற்கும் ஸ்டென்ட் என்னும் உலோக வலை வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஆஞ்சியோபிளாஸ்டி நம் நாட்டிலும் பரவியது. சென்னையில் அதைத் தொடங்கிப் பலருக்குப் பயிற்றுவித்த டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் 2025-இல் காலமானார். அமெரிக்காவில் 1999 முதல் இத்துறைக்கெனத் தனித் தேர்வே நடக்கிறது. இங்கே எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதன் மேல் மூன்றாண்டு டி.எம். படித்து முடித்தவரும், இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோ ஃபெலோஷிப் என்று ஒரு மூத்தவரிடம் போய் நிற்பதுண்டு. முதலில் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக் கொடுக்கிறார். பிறகு மூத்தவர் பார்த்துக்கொண்டிருக்கத் தாம் செய்கிறார். எத்தனை செய்தார், எதில் என்ன சிக்கல் வந்தது என்று அன்றன்றே குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்.