பெரிம்பாவ் ஆசான் பிம்பா

தென் அமெரிக்காவின் பெரிய நாடாகிய பிரேசிலில், கீழைக் கடற்கரையை ஒட்டிப் பாஹியா என்றொரு மாநிலம் உளது. அதன் தலைநகர் சால்வடோர். போர்த்துகீசியர் ஆப்பிரிக்க மக்களைக் கப்பல் கப்பலாகக் கொணர்ந்து அடிமைகளாய் விற்ற துறைமுகங்களுள் அது முதன்மையானது. முந்நூறு ஆண்டுகளில் அந்நாட்டில் இறக்கப்பட்டோர் ஏறத்தாழ 48 இலட்சம் பேர் என்று வரலாற்றறிஞர் கணக்கிடுகின்றனர். கரும்புத் தோட்டங்களில் மாட்டினும் கீழாக நடத்தப்பட்ட அம்மக்களுக்கு 1888-ஆம் ஆண்டு மே திங்கள் 13-ஆம் நாள் சட்டத்தால் விடுதலை கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை, கல்வியும் கிடைக்கவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் கண்ட தஞ்சைப் பண்ணையாட்களின் வழிவந்த நமக்கு அவ்விடுதலையின் தன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அம்மக்கள் வளர்த்த கலை கபோய்ரா. வட்டமாய் நிற்போர் நடுவே இருவர் இறங்கி, காலை வீசியும், கையூன்றிப் புரண்டும், ஒருவர் வீச்சுக்கு மற்றவர் ஒதுங்கியும் ஆடுவர். காண்போர்க்குக் கூத்தாகத் தோன்றும். அறிந்தோர்க்கு அது போர்க்கலை. நம் சிலம்பத்தில் கம்பு செய்வதை அங்கே கால் செய்கிறது எனலாம். 1890-இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம் இக்கலையைக் குற்றமாக்கியது. தெருவில் கபோய்ரா ஆடியவனுக்கு இரண்டு முதல் ஆறு திங்கள் வரை சிறை. அடிமைத்தளை அறுந்து இரண்டே ஆண்டுகளில் இச்சட்டம் பிறந்தது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

இத்தகைய காலத்தில், 1899-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் சால்வடோர் நகரில் பிறந்தவர் மனுவேல் தோஸ் ரெயிஸ் மஷாடோ. தந்தையார் பத்தூக்கி என்னும் கால்மற்போரில் பெயர் பெற்றவர். பிறக்கப்போவது பெண் என்று தாயாரும், ஆண் என்று மருத்துவச்சியும் பந்தயம் கட்டினராம். வென்ற மருத்துவச்சி ஆண்மகவைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஒன்றை உரக்கக் கூற, அதுவே அவருக்குப் பெயராய் நிலைத்தது. உலகம் அவரைப் பிம்பா என்றே அறியும்.

பன்னிரண்டாம் வயதில் பென்டின்யோ என்னும் ஆப்பிரிக்கக் கப்பலோட்டியிடம் அவர் கபோய்ரா கற்றார். பள்ளிப்படிப்பு மிகுதியாய் இல்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தார், தச்சு வேலை செய்தார், கரி விற்றார். பகலில் உழைப்பும் மாலையில் கலையுமாக வளர்ந்தவர், இருபது வயதை எட்டுமுன்னரே பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்.

கபோய்ராவுக்கு உயிர் கொடுப்பது பெரிம்பாவ் என்னும் வில். தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் வில்லைக் கிடத்தி வீசுகோலால் அடிப்பர். பெரிம்பாவை நிறுத்திப் பிடிப்பர். பிரிபா என்னும் மரத்தின் நீண்ட கழியை வளைத்து எஃகுக் கம்பி பூட்டுவர். பழைய மோட்டார் டயரை அறுத்தெடுத்த கம்பியே பெரும்பாலும் பயன்படும். கழியின் அடிப்பகுதியில், வாய் திறந்த காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கயிற்றால் கட்டுவர். குடுக்கையை வயிற்றோடு ஒட்டினால் ஒலி அடங்கும், விலக்கினால் முழங்கும். வலக்கையில் மெல்லிய குச்சியும், விதைகள் இட்ட சிறு கூடைக் கிலுகிலுப்பையும் இருக்கும். இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு நாணயத்தையோ கல்லையோ பற்றிக் கம்பியை அழுத்தும். அழுத்தாதபோது ஓர் ஒலி, இறுக அழுத்தினால் உயர்ந்த ஒலி, இலேசாகத் தொட்டால் அதிரும் ஒலி. இம்மூன்றைக் கொண்டே எல்லாத் தாளங்களும் கட்டப்படுகின்றன.

கற்பவன் முதலில் படுவது தாளத்தின் தொல்லையன்று, சுண்டுவிரலின் தொல்லை. கருவியின் முழுப்பாரமும் குடுக்கைக் கயிற்றின் கீழ் நுழைந்த அவ்விரலின் மீதே நிற்கும். சில நிமிடங்களில் விரல் மரத்துப்போம். நாள்தோறும் பழகிக் காய்த்தபின்னரே வில் அசையாது நிற்கும். அதன் பின்பே தாளம். ஆட்டத்தைத் தொடங்குவதும், விரைவுபடுத்துவதும், நிறுத்துவதும் பெரிம்பாவின் ஆணை. கவலாரியா என்றொரு தாளம் உண்டு. குதிரைக் குளம்பொலி போன்றது. குதிரைப்படைக் காவலர் வருகின்றனர் என்று ஆடுவோர்க்கு அறிவிக்க எழுந்ததாகக் கூறுவர்.

பிற ஆசான்கள் பலர் மூன்று வில்களை வைத்து இசைத்தனர். பிம்பாவோ ஒரு பெரிம்பாவ், பந்தெய்ரு என்னும் கஞ்சிரை போன்ற கருவி இரண்டு, இவையே போதும் என்றார். தாமே வில்லேந்தி அமர்ந்து மாணவரை ஆட்டுவித்தார். பழைய கபோய்ரா வலிமை குன்றி வேடிக்கையாகிவிட்டது என்று கருதித் தந்தையின் பத்தூக்கி அடிகளையும் சேர்த்துப் புதிய முறை ஒன்றை வகுத்தார். 1936-இல் எந்தக் கலையைச் சேர்ந்தவரும் வரலாம் என்று அறைகூவி, மேடையேறி எதிர்த்தவரை வென்றார்.

1932-இல் அவர் பயிற்சிக்கூடம் நிறுவினார். 1937-இல் மாநிலக் கல்வித்துறை அதனை உடற்கல்வி நிலையமாகப் பதிவு செய்து சான்று வழங்கியது. சிறைக்குரிய குற்றமாயிருந்த ஒன்று ஒரு தலைமுறைக்குள் பள்ளிப்பாடமாயிற்று. அடியேன் ஆசிரியத் தொழிலில் உள்ளவனாதலின் அவருடைய பள்ளி விதிகளே என்னைப் பெரிதும் கவர்ந்தன. சேர வருபவன் படிக்கிறான் அல்லது வேலை செய்கிறான் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். தெருவில் வம்பு செய்யலாகாது. அடவுகளை இருவர் இருவராய் வரிசைப்படி கற்பித்தார். அவ்வரிசை தேறிய மாணவன் பெரிம்பாவின் ஒலிக்கு முதன்முறை ஆடும் நாள் ஒரு விழா. படிப்பு முடித்தவனுக்குப் பதக்கமும் பட்டுக் கைக்குட்டையும் உண்டு. முற்காலத்தில் சவரக்கத்தியின் வெட்டினின்று கழுத்தைக் காக்கப் பட்டுத்துணி கட்டினர் என்ற மரபின் நினைவு அது. இயூனா என்னும் தாளம் ஒலிக்கும்போது தேறியவர் மட்டுமே வட்டத்துள் இறங்கலாம்.

மருத்துவமும் சட்டமும் பயின்ற செல்வர் வீட்டு வெள்ளை இளைஞர்கள் அக்கூடத்திற்குத் திரளாக வந்தனர். இதனால் கலையை உடையவரிடமிருந்து பிரித்துவிட்டார் என்று அவரைக் குறை கூறுவோர் உளர். பழைய அங்கோலா முறையைக் காத்த பஸ்தீன்யா என்னும் ஆசானை அவருக்கு எதிராக நிறுத்துவதும் வழக்கம். எம் கருத்து வேறு. காவலர் கண்டால் உடைத்தெறியும் கருவியைக் கையில் ஏந்தி, கூலித்தொழிலாளியான கறுப்பர் ஒருவர் அமர்ந்திருக்க, பட்டம் பெற்ற வெள்ளையர் அவர் ஆணைக்கு அடிபணிந்து ஆடியது சிறு செயலன்று.

தப்பு நமக்கு இழிவைத் தந்தது, அதை எறிந்துவிடுக என்று நம் பெரியோர் சிலர் கூறினர். சாவு வீட்டில் கூலியின்றி அடிக்கப் பணிக்கப்பட்டவர் அவ்வாறு கூறியதில் தவறே இல்லை. தப்பைக் கலையாக மேடையேற்றிய இளைஞர்களும் தவறு செய்யவில்லை. பிம்பா வில்லை விடவில்லை. ஆனால் யார் அழைத்தால், எங்கே, எந்த நிபந்தனையில் வாசிப்பது என்பதைத் தாமே வகுத்துக்கொண்டார். வேறுபாடு அங்கேதான் உள்ளதாகத் தோன்றுகிறது.

1953-இல் குடியரசுத் தலைவர் ஜெட்டூலியோ வர்காஸ் முன்னிலையில் ஆளுநர் மாளிகையில் அவரும் மாணவர்களும் ஆடிக்காட்டினர். கபோய்ராவை நாட்டுக்கே உரிய விளையாட்டு என்று தலைவர் போற்றினார். போற்றுதல் வயிற்றை நிரப்பவில்லை. சொந்த மாநில அரசு தம்மைக் கைவிட்டது என்ற மனக்குறையோடு 1973-இல், எழுபத்து மூன்றாம் வயதில், வாழ்வு தேடிக் கோயானியா நகருக்குக் குடும்பத்துடன் பெயர்ந்தார். அங்கே கிடைக்கும் என்று எண்ணிய ஆதரவும் கைகூடவில்லை. 1974 பிப்ரவரி 5-ஆம் நாள் மூளை இரத்தக்குழாய் நோயால் அங்கேயே வறுமையில் மறைந்தார். பஸ்தீன்யாவும், அரசு கட்டடத்தைப் பறித்துக்கொள்ள, பார்வையிழந்து 1981-இல் மறைந்தார்.

1978-இல் பிம்பாவின் எலும்புகள் சால்வடோருக்குக் கொணரப்பட்டன. 1996-இல் பாஹியா மத்தியப் பல்கலைக்கழகம், மறைந்து இருபத்திரண்டு ஆண்டு கழிந்தபின், அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 2014-இல் கபோய்ரா வட்டத்தை யுனெஸ்கோ மனிதகுல மரபுச்செல்வமாக அறிவித்தது. அவருடைய மகன் நெனெல் சால்வடோரில் தந்தையின் முறைப்படி பள்ளி நடத்தி வருகிறார். அங்கும் ஒரு பெரிம்பாவ், இரண்டு பந்தெய்ரு என்ற பழைய அளவே இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது.