அருவியை அளந்த மனிதர்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது குழந்தையும் அறிந்த செய்தி. ஆனால், எவ்வளவு நீர், எந்த மாதத்தில், எத்தனை அடி உயரத்திலிருந்து விழுகிறது என்று கேட்டால் விடை சொல்ல வேண்டியவன் ஆற்றங்கரையில் நாட்கணக்கில் நிற்க வேண்டும். மழையில் நனைய வேண்டும். அட்டைக்கடி பட வேண்டும். அப்படி நின்று ஒரு நாட்டின் எதிர்காலத்தையே எண்களாக எழுதிக் காட்டிய ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் புகுகின்றேன். மலைநாட்டுப் பள்ளியில் பல்லாண்டு கற்பித்தவன் நான். விமலசுரேந்திர என்றால் நோட்டன் பிரிட்ஜில் உள்ள மின்நிலையம் என்று என் மாணவர் உடனே சொல்லுவர். அது ஒரு மனிதரின் பெயர் என்று அறிந்தவர் வகுப்புக்கு இருவர் தேறினால் அதிகம்.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டில் காலியில் பிறந்தார். தந்தையார் கைவினைத் தொழிலில் பெயர் பெற்ற முதலியார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் பயின்று, பின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, பொதுவேலைத் திணைக்களத்தில் கடைப்படியிலிருந்தே பணி தொடங்கினார். இங்கிலாந்து சென்று கட்டடப் பொறியியலோடு அன்று புதுக்கலையாயிருந்த மின்பொறியியலையும் கற்றுத் திரும்பினார். இளமையைப் பற்றி இவ்வளவு போதும். ஏனெனில், அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்குவது இரண்டு ஆறுகளின் கரையிலேதான்.

அவ்விரண்டு ஆறுகளையும் வாசகர் மனக்கண்ணில் நிறுத்திக் கொள்ள வேண்டும். ஒன்று மஸ்கெலி ஓயா. சிவனொளிபாத மலைத்தொடரின் சரிவுகளில் ஊறும் சிற்றாறுகளைச் சேர்த்துக்கொண்டு வருவது. மற்றொன்று கெசல்கமுவ ஓயா. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து வருவது. இடையே ஒரு மலைமுதுகு மட்டுமே நிற்க, இரண்டும் ஏறக்குறைய இணையாக மேற்கு நோக்கி இறங்குகின்றன. மலைநாடு முடிந்து தாழ்நிலம் தொடங்கும் விளிம்பிலே இரண்டும் தலைகுப்புற விழுகின்றன. மஸ்கெலி ஓயா விழுமிடம் லக்சபானா அருவி. கெசல்கமுவ ஓயா விழுமிடம் அபர்தீன் அருவி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம். பின்னர் கித்துள்கலைப் பக்கத்தில் கைகோத்து, களனி கங்கை என்ற ஒரே பெயரோடு கொழும்புக் கடலை அடைகின்றன.

இந்த ஆறுகளின் படுகையில் பொன் கிடைக்குமா என்று ஆராயும் பணிக்காகவே விமலசுரேந்திர இங்கு வந்தார் என்று அவர் வாழ்க்கையைச் சொல்லுவோர் கூறுவர். பொன் தேடப் போனவர் மின்சாரத்தைக் கண்டெடுத்தார் என்ற அழகிய கதையாக இது இன்று வழங்குகிறது. கதையின் அழகில் நாம் மயங்கி விடலாகாது. அருவியைக் கண்டு வியந்தோர் அவருக்கு முன்னும் ஆயிரம் பேர் இருந்தனர். வியப்போடு நில்லாது கணக்கில் இறங்கியதே அவருடைய தனிச்சிறப்பு.

அந்தக் கணக்கு எத்தகையது? ஒரு கன மீட்டர் நீர் என்பது ஆயிரம் கிலோகிராம் எடை. நொடிக்கு ஒரு கன மீட்டர் வீதம் நூறு மீட்டர் உயரத்திலிருந்து அது விழுமானால், அதில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 981 கிலோவாட். உயரம் நானூறு மீட்டரானால் அதே நீர் 3,900 கிலோவாட்டுக்கு மேல் தரும். இயந்திரங்களின் இழப்பைக் கழித்தாலும் மூவாயிரத்துக்குக் குறையாது. ஆகவே, பெருகி ஓடும் பேராற்றைக் காட்டிலும், சிறுகி ஓடினும் உயரத்திலிருந்து விழும் ஆறே பொறியியலாளனுக்குச் செல்வம்.

உயரத்தை அளப்பது எளிது, மலை அசைவதில்லை. நீரை அளப்பதுதான் கடினம். ஆற்றின் குறுக்கு வெட்டுப் பரப்பைக் கண்டு, மிதவையையோ சுழல் கருவியையோ விட்டு வேகத்தைக் கண்டு, இரண்டையும் பெருக்கினால் அன்றைய ஓட்டம் தெரியும். அன்றைய ஓட்டம் மட்டுந்தான். வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளைப் பக்கத்து மலைகளில் மோதும்போது பாறைகளை உருட்டிவரும் அதே ஆறு, மாசி மாதத்தில் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கும் ஓடையாகி விடும். வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது என்று பெருமையோடு சொல்லலாம். மாசியில் விளக்கு எரியுமா என்பதே கேள்வி. ஆகவே பல ஆண்டுகளின் மழைக்குறிப்பு வேண்டும். இந்த இடத்தில் தேயிலைத் தோட்டங்கள் தம்மையறியாமலே அறிவியலுக்குத் தொண்டு செய்தன. தோட்டந்தோறும் மழைமானி வைத்து, நாள்தோறும் மழையை அளந்து ஏட்டிலே பதியும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. கொழுந்தின் விளைச்சலுக்காக எழுதப்பட்ட அத்தகைய ஏடுகளே நீரியல் அறிஞனுக்கும் ஆதாரமாகும்.

நீர்வலியைப் பயன்படுத்துவது மலைநாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, ஓடைநீரைக் குழாய் வழியே இறக்கிச் சக்கரத்தைச் சுழலச் செய்து, கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் வலிமை பெற்றன. அத்தகைய சிறு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தொழிற்சாலைச் சக்கரத்தையே தெய்வமாக்கி ரோதமுனி என்று பெயரிட்டு, தேங்காய் உடைத்துப் படையலிட்டு வணங்கினர் நம் தோட்டத் தொழிலாளர். இயந்திரத்தில் கை அகப்படாமல் காக்கும் தெய்வம் அது. எந்தப் பொறியியல் வரலாற்றிலும் ரோதமுனிக்கு இடமில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. விமலசுரேந்திரவும் முதலில் சிறிய அளவிலேயே தம் கொள்கையை மெய்ப்பித்தார். நுவரெலியா நகருக்கு ஒளி தருவதற்காக 1912ஆம் ஆண்டளவில் பிளாக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். குளிரும் பனியும் சூழ்ந்த அந்த ஊரின் தெருவிளக்குகள், அடுத்த பள்ளத்தில் ஓடிய நீரினால் எரிந்தன.

1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரையை வைத்தார். இலங்கையில் மின்வலியைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றியது அது. அதன் பெயரிலேயே அவருடைய நோக்கு விளங்கும். அருவியின் ஆற்றலைப் பாடுவதன்று. எவ்வளவு செலவாகும், எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் கணக்கிடுவதே அவர் கருத்து. மஸ்கெலி ஓயாவையும் கெசல்கமுவ ஓயாவையும் இணைத்துப் பெரும் மின்வலி பெறலாம் என்றும், கப்பலேறி வரும் எரிபொருளுக்கு அடிமையாய் இருக்க வேண்டியதில்லை என்றும் அவர் காட்டினார்.

ஆட்சியாளர் இதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு மின்சாரத்தை வாங்குவார் யார் என்பது அக்காலத்தார் எழுப்பிய தடை. தேவை இல்லாதபோது உற்பத்தி எதற்கு என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் மலிவான வலி கிடைத்தாலன்றித் தேவை பிறவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒரு சுதேசப் பொறியியலாளரின் கணக்கை நம்பிப் பெரும் பணத்தை மலையில் கொட்டுவதா என்ற ஐயமும் உடன் நின்றிருக்கும் என்பது என் கருத்து. குடியேற்ற ஆட்சியின் இயல்பை அறிந்தோர் இதனை மிகையென்று கொள்ளார். 1920களில் வேலை தொடங்கவும் செய்தது, பின் நிறுத்தப்பட்டது. 1929இல் கொழும்பில் எழுந்ததோ, எரிபொருளை எரித்து இயங்கும் ஸ்டான்லி மின்நிலையம்.

அண்டை நாட்டில் நிகழ்ந்தது என்ன? டார்ஜிலிங்கின் தேயிலை மலைகளில் 1897இலேயே நீர்மின்சாரம் பிறந்து விட்டது. காவிரியின் சிவசமுத்திர அருவி 1902இல் கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்கு மின்வலி அனுப்பியது. நீலகிரியின் பைக்காரா நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மலை, மழை, தேயிலை, வெள்ளையர் ஆட்சி எல்லாம் நீலகிரிக்கும் அட்டனுக்கும் ஒன்றுதான். ஆயினும், பைக்காராவுக்குப் பதினெட்டு ஆண்டுகள் பின்னரே லக்சபானாவில் ஒளி பிறந்தது. நீரின் குறையன்று அது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் விமலசுரேந்திர சும்மா இருக்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதல் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தபோது இரத்தினபுரித் தொகுதியில் நின்று வென்றார். கோப்புகளின் வழியே சொல்லி ஏறாததைச் சபையிலே நின்று சொல்லலானார். பென்சன் வாங்கிக்கொண்டு பழைய மேலதிகாரிகளைக் குறைகூறிப் பொழுது போக்கும் உத்தியோகத்தர் பலரை நாம் கண்டிருக்கிறோம். ஒரு கணக்கை நிறைவேற்றுவதற்காகவே தேர்தலில் நின்றவர் அரியர். அரசியலில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் லக்சபானா என்ற சொல்லை மறக்க முடியாதபடி செய்துவிட்டார். இடையே உலகப்போர் வந்து வேலையை மேலும் தாழ்த்தியது.

இறுதியில் 1950ஆம் ஆண்டு லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நோட்டனில் கெசல்கமுவ ஓயாவை அணையிட்டுத் தடுத்து, இடையிலிருந்த மலைமுதுகைக் குடைந்து, நானூறு மீட்டருக்கும் அதிகமான சரிவில் குழாய்களால் நீரை இறக்கி, மறுபக்கத்து மஸ்கெலி ஓயாக் கரையில் சுழலிகளைச் சுழற்றினர். முதற்கட்டத்தின் வலி 25 மெகாவாட். ஆய்வுரை வைத்தபோது நாற்பத்து நான்கு வயதினராயிருந்தவர் அப்போது எழுபத்தைந்து கடந்த முதியவர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1953 ஓகஸ்டில் அவர் காலமானார். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் 50 மெகாவாட் நிலையம் 1965இல் எழுந்தபோது அதற்கு அவர் பெயரைச் சூட்டினர். பொல்பிட்டிய, புதிய லக்சபானா, கனியோன் எனப் பின்னர் வந்தவற்றையும் சேர்த்தால், அந்த இரண்டு ஆறுகளில் மட்டும் நிறுவப்பட்ட வலி 335 மெகாவாட்டை எட்டியது. அதன் பின் இயந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டு மேலும் கூடியது.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நீர் குழாய்க்குள் புகுந்ததனால் அருவிகள் மெலிந்தன; அவர் கண்ட முழு வெள்ளத்தை இன்று அடைமழை நாட்களில்தான் காணலாம். மின்கம்பிகள் தேயிலைமலைகளின் தலைமீதாகவே கொழும்புக்கு ஓடின. கீழே லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் அறைகளுக்கு அந்த ஒளி பரவலாக வந்து சேர, நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலைக்குள் மின்விளக்கும், இருபது அடி தள்ளி இருளுமாக இருந்த தோட்டங்களை நானே பார்த்திருக்கின்றேன். விமலசுரேந்திரவின் கணக்கில் இந்தப் பிழை இல்லை. நீர் எவ்வளவு என்று அவர் சொன்னார்; ஒளியை யாருக்குப் பங்கிடுவது என்று முடிவு செய்தவர்கள் வேறு.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் உடன் மூழ்கின. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வற்ற வற்ற அவற்றின் சுவர்கள் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மக்கள் இறங்கி வந்து, இடிந்த கோயிலைச் சுற்றிப் பார்த்துச் செல்வர். அதே நாட்களில் கீழே மின்நிலையத்தில் பொறியியலாளர்கள் நீர்மட்டத்தைக் குறித்து, இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணீர் போதும் என்று கணக்கிட்டுக் கொண்டிருப்பர்.