சீ. இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் (ஆகஸ்ட் 12, 1892 – செப்டம்பர் 27, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும் நூலகவியலாளரும் ஆவார். இந்திய நூலகவியலின் தந்தை என அழைக்கப்படுகிறார். நூற்பட்டியலில் ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்துத் தேடும் முறைக்கு அடிப்படை அமைத்தவர்களுள் முதன்மையானவர் இவரே.

வாழ்க்கை

சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். திக்குவாய்க் குறையை முயன்று வென்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். நூலகத்தின் தனிமை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பினார். பயிற்சிக்காக இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட பின்னரே அவர் மனம் மாறியது. அங்கு டபிள்யூ. சி. பெர்விக் சேயர்சிடம் நூற்பகுப்புப் பயின்றார். பல நூலகங்களை நேரில் கண்டார். 1925இல் திரும்பியபின் 1944 வரை அப்பதவியில் இருந்து, வாசகர்கள் அடுக்குகளுக்கே சென்று நூல்களைத் தாமே எடுக்கும் திறந்த முறையைக் கொணர்ந்தார்.

கோலன் பகுப்பு முறை

அக்காலத்தில் பரவியிருந்த தூயி தசமப் பகுப்பு, பெரும்பாலும் முன்கூட்டியே எண்ணி வைத்த பொருள்களுக்கே இடம் தந்தது. பட்டியலிடாத கூட்டுப் பொருளில் நூலொன்று வந்தால், அது பொதுத் தலைப்பொன்றினுள் மறைந்துவிடும். நூல் அடுக்கில் இருந்தும் தேடுவோருக்கு இல்லாததற்கு ஒப்பாகும். இலண்டனில் ஒரு கடையில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருள் இதற்கு விடை காட்டியது. அதில் சில துண்டுகளையே மாற்றி மாற்றி இணைத்து வெவ்வேறு பொம்மைகள் செய்யலாம். அவ்வாறே சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எப்பொருளுக்கும் எண் அமைக்கலாம் என அவர் கண்டார். கூறுகளைப் பிரிக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் இம்முறைக்குக் கோலன் எனப் பெயர் வந்தது. முதற்பதிப்பு 1933இல் வெளியானது. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து கூறுகள் 1950களின் தொடக்கத்திலேயே தெளிவான வடிவம் பெற்றன.

எடுத்துக்காட்டாக, பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் 1960களில் நெற்பயிரைத் தாக்கிய நோய்கள் பற்றி ஒருவர் தேடுவதாகக் கொள்வோம். துறை வேளாண்மை, நெல் ஆளுமை, நோய் ஆற்றல், பாலசமுத்திரம் இடம், 1960கள் காலம். நூல் மிகுதியாகக் கிடைத்தால் மேலும் ஒரு கூற்றைச் சேர்த்துச் சுருக்கலாம். ஒன்றும் கிடைக்காவிடில் இடத்தைத் திண்டுக்கல் வட்டாரம் என்றோ தமிழ்நாடு என்றோ விரிக்கலாம். இன்றைய கணினி நூற்பட்டியல்களில் ஆண்டு, இடம், பொருள் எனப் பக்கவாட்டில் தெரிவு செய்து முடிவுகளைக் குறைக்கும் வசதி இக்கருத்தின் வழிவந்ததே.

பகுப்பெண்ணை வாசகர் அறிந்திருக்க வேண்டும் என அவர் எதிர்பார்க்கவில்லை. எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் சொல்லாக்கி அகரவரிசையில் வைக்கும் சங்கிலி முறையை வகுத்தார். இதனால் நெல் எனத் தேடுபவரும் வேளாண்மை எனத் தேடுபவரும் உரிய இடத்தை அடைவர். 1950இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய நூற்பட்டியல் இம்முறையைக் கைக்கொண்டது. ஆனால் கோலன் எண்கள் நீளமும் சிக்கலும் உடையவை. இந்திய நூலகங்கள் பலவும் தூயி முறையிலேயே நின்றுவிட்டன. அரங்கநாதனின் கருத்து அவருடைய எண்களைவிடத் தொலைவு சென்றது எனலாம்.

பிற பணிகள்

நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாகப் பொது நூலகங்களுக்குச் சட்டம் வேண்டும் என நெடுங்காலம் முயன்றார். அம்முயற்சியின் பயனாக, கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் காலத்தில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியுடன் நூலக வரி தண்டி மாவட்டந்தோறும் நூலகங்களை நடத்த அது வழிசெய்தது.

இதற்கிடையே காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1957இல் பத்மசிறீ விருது பெற்றார். நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தத் தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்; அப்பதவிக்கு அவர் துணைவியார் சாரதாவின் பெயர் இடப்பட்டது. 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியரானார். கோலன் முறையின் ஏழாம் பதிப்பு, அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 1987இல் வெளிவந்தது.