பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர்: தன் பயிற்சிக்கு அந்தப் பெயரையே வைக்காத ஜோசப் பிலாட்டீஸ் யார்?

அக்டோபர் மாதம். நியூயார்க்கில் இலைகள் உதிரத் தொடங்கும் நேரம். மாலை ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள் தோளில் சுருட்டிய மேட்டுடன் பிலாட்டீஸ் கிளாசுக்குள் நுழைவது அங்கே சாதாரணக் காட்சி. லண்டனிலும் பெர்லினிலும் இதே கதைதான்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஜோசப் பிலாட்டீஸ் இறந்ததும் அதே நியூயார்க்கில், அதே போன்ற ஓர் அக்டோபரில்தான். 1967 அக்டோபர் 9 அன்று அவர் கண் மூடியபோது, இந்தப் பயிற்சி நியூயார்க்கில் நடனக் கலைஞர்கள் வட்டாரத்தைத் தாண்டி பெரிதாகப் பரவியிருக்கவில்லை. மருத்துவ உலகம் தன் முறையை ஏற்க வேண்டும் என்பது அவரது நீண்ட நாள் ஆசை. அது அவர் இருக்கும்வரை நடக்கவில்லை.

யார் இவர்? எப்படி உருவானது இந்தப் பயிற்சி? பார்க்கலாம்.

நோஞ்சான் சிறுவன்

ஜோசப் பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியின் மான்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். அப்பா உலோக வேலை செய்தவர், ஜிம்னாஸ்டிக்ஸில் ஆர்வம் உள்ளவர்.

சின்ன வயதில் ஜோசப்புக்கு ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் எனும் எலும்பு பலவீன நோய், ருமாட்டிக் காய்ச்சல் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொல்லை. மூச்சு விடவே சிரமப்படும் பையன். அந்த உடம்பை மாற்றியே தீருவது என்று இறங்கினார். ஜிம்னாஸ்டிக்ஸ், பாக்ஸிங், உடல் கட்டமைப்புப் பயிற்சி எனக் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார். பதினான்கு வயதிலேயே உடற்கூறு வரைபடங்களுக்கு மாடலாக நிற்கும் அளவுக்கு உடம்பு தேறிவிட்டது என்பது அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை.

மூச்சுக்காகத் தவித்த பையன் பின்னாளில் உருவாக்கிய பயிற்சியில் மூச்சுக்குத்தான் முதல் இடம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

போர் வந்தது, கைதியானார்

முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஜோசப் இங்கிலாந்துக்குப் போனார். பாக்ஸிங், சர்க்கஸ், தற்காப்புப் பயிற்சி என்று பிழைப்பு ஓடியது.

1914-ல் போர் வெடித்தது. பிரிட்டனில் இருந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். ஜோசப்பும் பிடிக்கப்பட்டு, ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாமில் அடைக்கப்பட்டார். ஒரு கட்டத்தில் சுமார் 23,000 பேர் அடைக்கப்பட்டிருந்த மிகப் பெரிய முகாம் அது. முள்வேலி, மரக் கொட்டகைகள், எப்போது விடுதலை என்று தெரியாத காத்திருப்பு. பலர் மனம் உடைந்து போனார்கள்.

ஜோசப் அங்கே சும்மா உட்காரவில்லை. இடமும் இல்லை, கருவியும் இல்லை. தரை மட்டும்தான் இருந்தது. தரையில் படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளை யோசித்து, சக கைதிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். இன்று மேட் பிலாட்டீஸ் என்று சொல்கிறோமே, அதற்கு விதை விழுந்தது அங்கேதான்.

முகாமில் படுத்த படுக்கையாகக் கிடந்த நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டி, படுத்தபடியே கை கால்களை அசைக்க வைத்தார் என்றும், 1918-ல் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள் யாரும் சாகவில்லை என்றும் சொல்வார்கள். இரண்டும் பல பத்தாண்டுகளாக வாய்வழியாக வந்த கதைகள். ஃப்ளூ கதையை மருத்துவ ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோ

போர் முடிந்து 1919-ல் ஜெர்மனி திரும்பிய ஜோசப், 1926-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பலில்தான் கிளாராவைச் சந்தித்தார் என்பார்கள். அதன் பிறகு ஜோசப்பின் கடைசி நாள் வரை இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

நியூயார்க்கின் எட்டாவது அவென்யூ, 939-ம் எண் கட்டடத்தில் இருவரும் ஸ்டூடியோ தொடங்கினார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க நடனப் பயிற்சிக் கூடங்கள். காலில் அடிபட்டு, முதுகு பிடித்துக்கொண்டு தவித்த நடனக் கலைஞர்கள் வர ஆரம்பித்தார்கள். ஜார்ஜ் பாலன்ஷைன், மார்த்தா கிரஹாம் போன்ற நடன உலகின் பெரிய தலைகளே அவரைத் தேடி வந்தார்கள்.

ஜோசப் கறாரான ஆசிரியர், சட்டென்று கோபப்படுவார். பயந்துபோகிறவர்களைப் பொறுமையாகக் கையாண்டது கிளாராதான் என்பது மாணவர்கள் பலரின் நினைவு.

இன்றைய மாலை நேர கிளாஸ் மாதிரி இருபது பேர் வரிசையாகப் படுத்து ஒரே அசைவைச் செய்வது அங்கே கிடையாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்புக்கு ஏற்ற பயிற்சி. வந்தவர் தன் பயிற்சியைத் தானே செய்வார், ஆசிரியர் பார்த்துத் திருத்துவார்.

அவர் வைத்த பெயர் வேறு

இந்த முறைக்கு ஜோசப் வைத்த பெயர் கன்ட்ராலஜி. கன்ட்ரோல், அதாவது கட்டுப்பாடு என்பதிலிருந்து வந்த சொல். மனம் முழுக்க அசைவில் இருக்க வேண்டும், மூச்சு அசைவோடு சேர வேண்டும், வயிறு, முதுகு, இடுப்பைச் சுற்றிய தசைகள் உடம்பைத் தாங்க வேண்டும். நூறு தடவை கடனே என்று செய்வதை விட, சில தடவை சரியாகச் செய்தால் போதும். அவ்வளவுதான் அதன் சாரம்.

1945-ல் வெளியான அவரது புத்தகத்தில் 34 தரைப் பயிற்சிகள் உள்ளன. முதல் பயிற்சியின் பெயர் ஹண்ட்ரட். மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்து எண்ணிக்கைக்கு விட்டபடி, கைகளை நூறு வரை மேலும் கீழும் அசைப்பது.

கருவிகளும் செய்தார். ரிஃபார்மர் என்பது கட்டில் போன்ற சட்டம். அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். எடை தூக்குவதற்குப் பதில் ஸ்பிரிங்கின் இழுவைக்கு எதிராகத் தசை வேலை செய்யும். படுத்தபடி செய்வதால், நிற்கும்போது போல முழு உடல் எடையும் மூட்டுகளில் இறங்காது.

முரண்பாடான முடிவு

மூச்சைச் சரியாக விடச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர் சுருட்டுப் பிரியர். எம்ஃபிசீமா எனும் நுரையீரல் நோயால் 83 வயதில் இறந்தார். எண்பதைத் தாண்டியும் கட்டுக்குலையாத உடம்போடு அவர் நிற்கும் படங்கள் இன்றும் உண்டு. ஆனால் நுரையீரல் அவரைக் கைவிட்டது. பயிற்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், புகையை அது ஈடுகட்டாது.

ஸ்டூடியோவைக் கிளாரா தொடர்ந்து நடத்தினார். ரொமானா கிரிஜானோவ்ஸ்கா, கரோலா ட்ரையர், ஈவ் ஜென்ட்ரி, கேத்தி கிராண்ட் போன்ற நேரடி மாணவர்கள் கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார்கள். 1970-களில் இன்னொரு மாணவரான ரான் ஃபிளெட்சர் ஹாலிவுட் பக்கம் ஸ்டூடியோ திறந்தார். நட்சத்திரங்கள் வர, பெயர் பரவியது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

பெயர் பிரபலமானதும் சண்டையும் வந்தது. பிலாட்டீஸ் என்ற சொல்லுக்கு டிரேட்மார்க் வைத்திருந்த நிறுவனம், அதைப் பயன்படுத்திய மற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது. 2000 அக்டோபரில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோகா, கராத்தே போல பிலாட்டீஸும் ஒரு பயிற்சி முறையின் பொதுப் பெயர், அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்பதே முடிவு. டிரேட்மார்க் ரத்தானது.

இதில் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம் என்பதால் பயிற்சி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அதே சமயம், வாசலில் அந்தப் பெயர் இருப்பதாலேயே உள்ளே இருப்பவர் முறையாகக் கற்றவர் என்று அர்த்தம் இல்லை.

முதுகு வலிக்கு நல்லதா?

மாலை கிளாசில் சேருகிற பலரின் கேள்வி இது. கீழ் முதுகு வலி பற்றி 2015-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பெரிதாகச் சிகிச்சை எதுவும் எடுக்காமல் இருப்பதை விட பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது என்றது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளை விட இது மேலானது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதாவது, பலன் உண்டு, மாயம் இல்லை.

சேரப் போகிறவர்கள் ஆசிரியர் எங்கே, எத்தனை காலம் பயிற்சி பெற்றார் என்று கேட்பது நல்லது. வட்டு விலகல், எலும்புத் தேய்மானம், கர்ப்பம் போன்றவை இருந்தால் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். எத்தனை பேர் கிளாசில் இருக்கிறார்கள், ஒவ்வொருவரையும் ஆசிரியர் திருத்துகிறாரா என்றும் பார்க்க வேண்டும். எட்டாவது அவென்யூ ஸ்டூடியோவில் ஜோசப் விட்டுக்கொடுக்காத விஷயம் அதுதான்.

கன்ட்ராலஜி என்ற சொல் இன்று பெரும்பாலும் புத்தகத்தில்தான் இருக்கிறது. முகாமின் தரையில் தொடங்கிய அந்த முறையை உலகம் அதைச் செய்தவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது.